கடன் வாங்காதவருக்குக் கடன் இல்லையா?

"ஒருவரிடமும் கைநீட்டிக் கடன் வாங்காத மனுசன்" என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அது அவருக்குக் கிடைக்கும் பெரிய நற்சான்றிதழ். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போதும், சங்கத்துக்குப் பொருளாளர் தெரிவு செய்யும்போதும் அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு. அதே மனிதர் ஐம்பது வயதில், மகளின் தொழிலுக்காக முதன்முறையாக வங்கியொன்றின் கடன் பிரிவுக்குப் போய் அதே வார்த்தையைச் சொன்னால், அங்கே அது குறைபாடாகிவிடுகிறது. "உங்களுக்குக் கடன் வரலாறு இல்லையே" என்கிறார் உத்தியோகத்தர். அவர் பொய் சொல்லவில்லை. கணினியில் பார்க்கிறார், அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவரை எப்படி நம்புவது என்பது அவருடைய கேள்வி.

கடனட்டைக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆசிரியைக்கும், தையல் இயந்திரம் வாங்கக் கடன் கேட்கும் விதவைத் தாய்க்கும், முதலாவது உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுக்க விரும்பும் வாலிபனுக்கும் இந்தக் கேள்வி இன்று எழுகிறது. முன்பு கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் இப்போது கடன் கிடைக்கும். இப்போது கடன் கிடைத்தால்தானே கட்டிக் காட்டலாம்? நீச்சல் தெரிந்தவன் மட்டும் குளத்தில் இறங்கலாம் என்று சொல்வதைப் போன்றது இது. கிராம அபிவிருத்தியைப் பற்றிப் பேசுகிற நாம் இந்த முடிச்சைக் கவனிக்காமல் விட முடியாது. கதவு மூடப்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பிச் சும்மா இருப்பதில்லை. வேறு கதவைத் தட்டுகிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வடமத்தியிலும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் கண்டோம்.

'கிரிப்' என்றால் என்ன?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிக்கொள்வது நல்லது. "அவருக்குக் கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று கிராமங்களில் பேசிக்கொள்கிறார்கள். ஏதோ பொலிஸ் நிலையத்தில் பெயர் பதியப்பட்டதைப் போன்ற பயம் அந்தப் பேச்சில் இருக்கிறது. கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். உறுப்பினராக உள்ள வங்கியொன்றில் அல்லது நிதிக் கம்பனியொன்றில் நீங்கள் கடன் எடுத்தால், எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு நிலுவை, தவணை தவறியதா என்ற விபரம் அங்கே போய்ச் சேருகிறது. அடுத்த முறை வேறொரு வங்கியில் கடன் கேட்டால், அந்த வங்கி அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கிறது.

ஆகவே, கடன் எடுத்த எல்லோரின் பெயரும் 'கிரிப்பில்' இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் இருக்கிறது, தவறியவரின் பெயரும் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவருக்கு அந்தப் பதிவு ஒரு சொத்து. கடன் கொடுப்பதா இல்லையா என்று பணியகம் தீர்மானிப்பதும் இல்லை. அது தகவலைத் தருகிறது, தீர்மானம் வங்கியுடையது. "கிரிப் விடவில்லை" என்று ஒரு கிளை சொன்னால், உண்மையில் அந்த வங்கி தன்னுடைய விதிப்படி மறுத்திருக்கிறது என்றே பொருள்.

இங்கேதான் நமது மக்களின் சிக்கல் தொடங்குகிறது. சேமிப்புக் கணக்கில் இருபது வருடம் பணம் போட்டிருந்தாலும் அது கடன் அறிக்கையில் வராது. மாதர் சங்கச் சீட்டில் ஒரு தவணையும் தவறாமல் கட்டியதும் வராது. கடையில் கொப்பி வைத்துச் சாமான் வாங்கி, ஒவ்வொரு அறுவடைக்கும் கணக்குத் தீர்த்ததும் வராது. கிராமத்தின் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் பத்துக் கடன் எடுத்துப் பத்தையும் அடைத்த பேரேடு, பொதுவாகச் சங்க அலுமாரியிலேயே தூங்குகிறது. நமது மக்களில் பெரும்பாலானோர் கடன் வரலாறு உள்ளவர்கள்தான். அந்த வரலாறு எழுதப்பட்ட கொப்பிதான் வேறு.

யாருடைய பதிவு குறுகியது?

பதிவு இல்லாதவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த இளைஞனுக்கும் முதலில் பதிவு இருக்காது. ஆனால் அவனிடம் சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இருக்கிறது. சம்பளம் வங்கியூடாக வருகிறது. இரண்டு வருடத்தில் அவனுக்குப் பதிவு உருவாகிவிடும். நமது பகுதிகளில் நிலைமை வேறு.

1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து நடந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது எல்லாவற்றையும் இழந்தவர்களை நினைத்துப் பாருங்கள். காணி உறுதி போனது. சேமிப்புப் புத்தகம் போனது. முன்பு கட்டித் தீர்த்த கடனின் பற்றுச்சீட்டும் போனது. கடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் கணவனின் பெயரில் நடந்த வீட்டில், கணவன் இல்லாமற் போனதும் மனைவி வங்கியின் கண்ணுக்குப் புத்தம் புதிய ஆளாகிவிட்டாள். முப்பது வருடம் அந்த வீட்டின் வரவு செலவை நடத்தியவள் அவள்தான்.

குடியேற்றத் திட்டங்களில் உள்ள விவசாயியிடம் இருப்பது காணி அனுமதிப்பத்திரம். அதை வங்கிக்கு ஈடு வைப்பது இலகுவான காரியமல்ல. தோட்டத்து லயன் அறையில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு அந்த அறையே சொந்தமில்லை. கடற்றொழிலாளியின் வருமானம் காற்றையும் பருவத்தையும் பொறுத்தது. அதற்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. பதிவும் இல்லை, ஈடும் இல்லை, சம்பளத் துண்டும் இல்லை என்றால் வங்கி கேட்பது பிணையாளர்களை. அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். ஒரு கிராமத்தில் எத்தனை அரச உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்? பாடசாலை ஆசிரியர் எத்தனை பேருக்குப் பிணை நிற்பார்? பிணை நின்றதும் அவருடைய அறிக்கையிலேயே பதியப்படுகிறது என்பதால், தன் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அவரும் சிரமப்படுகிறார். அவர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு சின்ன விடயமும் பெரிய தடையாகிறது. நமது பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். 2016 முதல் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை இலக்கம் வந்த பிறகு, பழைய இலக்கத்தில் ஒரு கணக்கும் புதிய இலக்கத்தில் இன்னொரு கணக்கும் வைத்திருப்பவர்களும் உண்டு. இருக்கிற சிறிய வரலாறும் இப்படிச் சிதறிப்போகிறது.

மறுக்கப்பட்டவர் எங்கே போகிறார்?

வங்கி 'இல்லை' என்று சொன்ன அன்று பின்னேரமே, வரலாறு கேட்காத ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வருகிறார். பிணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் கையெழுத்து வைத்தால் போதும். அடுத்த கிழமையே பணம் கையில். போருக்குப் பின்னர் நமது பிரதேசங்களுக்கு நுண்கடன் கம்பனிகள் வந்த வழி இதுதான்.

இந்தக் கடனின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன். வருடத்துக்கு 24 வீத வட்டி. 52 கிழமையில் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. 24 வீதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போகிறோம். அரைவருடம் போனபின் நம்மிடம் இருப்பது முதலில் ஏறத்தாழ பாதிதான். வட்டியோ முழு ஐம்பதாயிரத்துக்கும் முழு வருடத்துக்கும் எடுக்கப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 44 வீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்கூட்டியே வெட்டினால் இன்னும் கூடும்.

இதன் விளைவு நாடறிந்தது. 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி தனது கண்காணிப்பின் கீழுள்ள நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்தது. அந்த ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ போஹொஸ்லாவ்ஸ்கி, பெண்கள் இந்தக் கடன்களால் படும் துன்பத்தைக் குறிப்பிட்டுப் பேசினார். 2021 இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரத்தில் இருந்து போராடினார்கள்.

இதில் மறைந்திருக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கொடுகடன் தகவல் பணியகத்தில் உறுப்பினராக இல்லாத ஒரு கம்பனியிடம் ஒரு பெண் 44 வீத வட்டிக்குக் கடன் எடுத்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு கிழமையும் தவறாமல் கட்டி முடிக்கிறாள். அதனால் அவளுக்கு ஒரு பதிவும் உருவாவதில்லை. அடுத்த வருடம் வங்கிக்குப் போனால், அவள் மீண்டும் வரலாறு இல்லாதவள். கூடிய வட்டியைக் கட்டியும், கட்டிய நல்ல பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியாத நிலை. அதிக விலை கொடுத்து வாங்கிய ஒன்றுக்குப் பற்றுச்சீட்டும் கிடைக்காததைப் போன்றது.

ஊர் அறிந்த நாணயம்

பதிவேடு இல்லாத ஏழைக்கு எப்படிக் கடன் கொடுப்பது என்பது புதிய கேள்வியல்ல. ஜெர்மனியில் பஞ்சகாலத்தில் கிராமங்களின் துயரத்தைக் கண்ட பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்ற நகரத் தலைவர், 1864 இல் ஹெட்டெஸ்டோர்ப் என்ற இடத்தில் விவசாயிகளின் கடன் சங்கத்தை நிறுவினார். ஒருவரையொருவர் அறிந்த சிறு பிரதேசத்து மக்கள் மட்டும் அங்கத்தவராகலாம். ஒருவர் கட்டத் தவறினால் எல்லோரும் பொறுப்பு. எனவே ஈடு இல்லாவிட்டாலும் ஆளின் நடத்தையை அறிந்து கடன் கொடுத்தார்கள். இலங்கையிலும் 1911 இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. நமது ஊர்களின் சிக்கன கடனுதவுச் சங்கங்கள் அந்த வழியில் வந்தவை. 1976 இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா என்ற கிராமத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சியும், ஈடில்லாத ஏழைப் பெண்ணை நம்பலாம் என்பதைக் காட்டவே எழுந்தது.

இவற்றின் அடிப்படை ஒன்றே. எழுத்தில் வரலாறு இல்லாதவருக்கு, அவரை அறிந்த அயலவரே வரலாறு. தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. நாணயமானவருக்குத்தான் நாணயம் நிலைக்கும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆனால் அயலவரின் அறிவைப் பிற்காலத்தில் இலாப நோக்குள்ள கம்பனிகள் கையில் எடுத்தபோது, அது ஒருவரையொருவர் நெருக்கும் ஆயுதமாக மாறியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் எழுந்து போக முடியாது என்று கூட்டத்தில் இருத்தி வைப்பது அயலவர் பிணை ஆகாது. அங்கத்தவர் தாமே உரிமையாளராக இருந்த சங்கத்தில், கூட்டுப் பொறுப்பு ஒருவரையொருவர் தாங்குவதற்காக இருந்தது. அந்த வேறுபாட்டை நாம் மறக்கக்கூடாது.

வங்கியின் பக்கத்து நியாயம்

வங்கிகளைக் குறை சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. வங்கியிலுள்ள பணம் வங்கியின் பணமல்ல, வைப்பாளர்களின் பணம். அதில் நமது ஊர்ப் பெரியவர்களின் ஓய்வூதியச் சேமிப்பும் உண்டு. முகம் பார்த்துக் கடன் கொடுத்த காலத்தில் முகத்தோடு சாதியும் அரசியலும் உறவும் பார்க்கப்பட்டதும் உண்மை. கணினி அறிக்கை வந்ததால், செல்வாக்கில்லாத ஒருவர் தான் ஒழுங்காகக் கட்டியதை எழுத்தில் காட்ட முடிகிறது. ஒரே வருமானத்தை வைத்து ஐந்து இடத்தில் கடன் வாங்கி மூழ்கிப்போகிறவரைத் தடுக்கவும் அது உதவுகிறது. நுண்கடன் துயரத்தின் ஒரு காரணமே, ஒருவர் வேறெங்கே எவ்வளவு பட்டிருக்கிறார் என்று பார்க்காமல் கொடுத்ததுதான். ஆகவே பதிவேடு வேண்டாம் என்பது நமது வாதமல்ல.

நமது வாதம் இதுதான்: கெட்ட பதிவும் பதிவில்லாமையும் ஒன்றல்ல. தவணை தவறியவரையும் இன்னும் தொடங்காதவரையும் ஒரே கூடையில் போடுவது சோம்பேறித்தனமான தீர்ப்பு. பதிவு இல்லாதவரிடம் வங்கி வேறு சான்றுகளைக் கேட்கலாம், சிறிய தொகையில் தொடங்கலாம், கூடுதலாக விசாரிக்கலாம். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் கதவைச் சாத்துவதை எச்சரிக்கை என்று சொல்ல முடியாது.

கடனட்டை ஒரு படியா, ஒரு பொறியா?

இளையோர் பலர் இப்போது முதற்பதிவை உருவாக்குவதற்குக் கடனட்டை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். சம்பளம் குறைவு, பதிவு குறைவு என்று அட்டை மறுக்கப்பட்டவர்களுக்குச் சில வங்கிகள் நிலையான வைப்பை ஈடாக வைத்து அட்டை கொடுக்கின்றன. வைப்புக்குள் அடங்கிய எல்லை என்பதால் வங்கிக்குப் பயமில்லை. பாவிக்கிறவருக்குப் பதிவு உருவாகிறது. ஒழுங்கான மாத வருமானம் உள்ளவருக்கு இது ஒரு வழிதான்.

ஆனால் அட்டையின் வட்டியை விளங்கிக்கொள்ளாமல் அதைக் கையில் எடுக்கக்கூடாது. 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு விதித்திருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அந்த வரம்பு நீங்கி வட்டி வெகுவாக ஏறியது. 2023 ஆகஸ்டில் 28 வீதம் என்று மீண்டும் ஒரு வரம்பு அறிவிக்கப்பட்டது. வீதம் மாறும், கணக்கின் இயல்பு மாறாது. 28 வீதத்தில் 50,000 ரூபா நிலுவை இருந்தால், ஒரு மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 1,167 ரூபா. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஐந்து வீதம், அதாவது 2,500 ரூபா கட்டினால், கடனில் குறைவது 1,333 ரூபா மட்டுமே. நிலுவை குறையக் குறைய குறைந்தபட்சக் கட்டணமும் குறைவதால், அந்தக் கடன் வருடக்கணக்கில் இழுபடும். பட்டியலில் உள்ள முழுத்தொகையையும் குறித்த திகதிக்குள் கட்டுகிறவருக்கே வட்டியில்லாத காலம் கிடைக்கும். அட்டையால் காசு எடுத்தால் அந்தச் சலுகையும் கிடையாது.

பருவ வருமானமுள்ள விவசாயிக்கும் கடற்றொழிலாளிக்கும், மாதாமாதம் பட்டியல் வரும் கடனட்டை முதற்கடனாகப் பொருத்தமில்லை என்பதே எமது கருத்து. அறுவடைக்குப் பின் கட்டும் பயிர்ச்செய்கைக் கடனோ, நோக்கம் தெரிந்த சிறு தொழிற்கடனோ அவருக்குப் பொருந்தும். இணையத்தில் பரீட்சைக் கட்டணம் கட்டவும் பொருள் வாங்கவும் வங்கியின் பற்று அட்டை போதும். அது நம் சொந்தக் காசு. நல்ல பதிவு வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாத கடனை எடுப்பது, மருந்தைச் சோதிக்க நோயை வரவழைப்பதற்குச் சமம்.

நாம் செய்யக்கூடியவை

தனிப்பட்ட முறையில் எவரும் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே பெற்றுப் பாருங்கள். அது உங்கள் உரிமை. அடையாள அட்டையுடன் கொடுகடன் தகவல் பணியகத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம். இணையம் வழியாகவும் பெறலாம். பிழை இருந்தால் ஆட்சேபித்துத் திருத்தச் சொல்லலாம். கட்டி முடித்த லீசிங் இன்னும் நிலுவையாகக் கிடக்கலாம். எப்போதோ பிணை நின்ற கடன் தவறியிருக்கலாம். வங்கிக்குப் போவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, எல்லா ஆவணங்களிலும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒன்றாக்குங்கள். வேறுபாடு இருந்தால் சத்தியக் கடதாசி முடித்து வங்கிக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, வருமானத்தை ஒரே வங்கிக் கணக்கினூடாக நடத்துங்கள். பால் விற்ற காசு, நெல் விற்ற காசு, தையற்கூலி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசு எல்லாம் அங்கே போய் வரட்டும். கடன் அறிக்கையில் அது தெரியாது. ஆனால் அந்தக் கிளை முகாமையாளரின் கண்ணுக்குத் தெரியும். ஒரு வருடக் கணக்குக் கூற்று, ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதிய வரவு செலவு, தவறாமல் கட்டிய மின்கட்டணப் பட்டியல்கள் ஆகியவை பேசும்.

நான்காவது, ஒரே மாதத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனம் விசாரித்ததும் அறிக்கையில் பதிவாகிறது. அங்குமிங்கும் அலைந்து கடன் தேடுகிறார் என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். சேமிப்பு வைத்திருக்கும் வங்கியிலேயே சிறிய தொகைக்குத் தொடங்குங்கள்.

ஐந்தாவது, கையெழுத்து வைக்கும் முன் வட்டியைக் 'குறைந்துசெல்லும் நிலுவை'யில் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில், தமிழில் கேளுங்கள். நியாயமற்ற நடத்தை இருந்தால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

சங்கங்களும் வங்கிகளும்

தனியாள் எவ்வளவு முயன்றாலும் முடிச்சின் மறுமுனை நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

நமது சிக்கன கடனுதவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தம் பேரேடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் தவறாமல் கட்டிய அங்கத்தவருக்குக் கடன் தொகை, தவணை, கட்டிய திகதிகள் அடங்கிய சான்றிதழ் ஒன்றைக் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய சங்கம், தன் அங்கத்தவருக்கு நிரந்தரமான உதவி செய்கிறது. உறவினருக்கும் நண்பருக்கும் இல்லாத நற்பெயரை எழுதிக் கொடுத்தால், அந்தச் சான்றிதழ் ஒரே வருடத்தில் செல்லாக் காசாகிவிடும். எனவே தவறியதையும் தவறியதென்றே எழுதும் துணிவு வேண்டும்.

வங்கிகளின் பிரதேச முகாமையாளர்கள் அத்தகைய சான்றிதழை ஏற்றுச் சிறு கடனுக்கு வழிவிட வேண்டும். சங்கங்களின் தரவுகளை, அங்கத்தவரின் சம்மதத்துடன், தேசியப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு ஒரு முறை வகுக்கப்பட வேண்டும். மறுக்கும்போது காரணத்தை எழுத்தில், விண்ணப்பதாரியின் மொழியில் கொடுக்க வேண்டும். "பதிவு இல்லை" என்பதா, "வருமானம் போதாது" என்பதா, "பெயர் பொருந்தவில்லை" என்பதா என்று தெரிந்தால்தான் அவர் அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிக்க முடியும். காரணம் தெரியாமல் திரும்புகிறவர் தன்மீதே நம்பிக்கை இழக்கிறார். மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது போதும்.

கிராமங்களில் பணிபுரியும் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சுயதொழிற் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் வழங்கி, படம் பிடித்து முடித்துவிடுகிறோம். பயிற்சி பெற்ற பெண் முதலாவது கடனுக்காக வங்கியின் படியேறும் நாளில் அவளோடு எவரும் போவதில்லை. ஒவ்வொரு பயிற்சி நெறியிலும் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம்: அறிக்கை பெறுவது எப்படி, வட்டியைக் கணக்கிடுவது எப்படி, பிணை நிற்பதன் பொருள் என்ன என்பவற்றை அந்த நாளில் சொல்லிக்கொடுக்கலாம். பெரிய நிதி தேவையில்லாத வேலை இது.

ஊருக்கு நாணயமானவராக இருக்கும் ஒருவர் வங்கிக்கு மட்டும் ஆளே இல்லாதவராக இருப்பது நியாயமல்ல. அவருடைய நாணயம் எழுதப்பட்டிருக்கும் கொப்பியைத் தேடி எடுத்து வங்கியின் மேசைக்குக் கொண்டுபோவது எமது சங்கங்களின் வேலை. அதைத் திறந்து வாசிப்பது வங்கியின் வேலை. இரண்டும் நடக்கும்வரை, கிழமைக் கடன்காரர் வாசலுக்கு வருவது நிற்காது.